கழிக்காத ஒரு படி

வாடகைக்குப் போய்வந்த ரப்பர் காலுறைகளை உள்ளே வெளியே புரட்டிக் கழுவுவதுதான் காலையில் என் முதல் வேலை. அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்கள், பாறையில் கால் கிழியாமல் இருக்க மாட்டிக்கொள்கிற காலுறைகள் அவை. பகலெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறி, விடிகிறவரை வாளியில் மூடிக் கிடந்துவிட்டு, திறந்ததும் அவை விடுகிற நாற்றத்தை முழுதாக எழுதினால் இந்தக் காகிதமும் நாறும். டாக்டர், வக்கீல், முதலாளி என்று யார் கழற்றிப் போட்டாலும் நாற்றம் ஒன்றுதான். உள்ளங்காலில் உரிந்த வெள்ளைத் தோல் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். பதினொரு வருடமாகச் சுரண்டுகிறேன்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், அய்யா. காகிதம் கொடுத்தீர்கள், மின்விசிறியையும் என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். அந்த மரியாதைக்காகவாவது உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். பல் டாக்டர் செத்ததற்கு நான்தான் காரணம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. எதற்காக என்பதைத்தான் உங்கள் ஆட்கள் தப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலைச்சறுக்குப் பள்ளிக்கு மூன்று இடங்கள். ‘தொட்டில்’ என்று நாங்கள் சொல்லும் குடா, மணல் தரை, இடுப்பளவு தண்ணீர். அங்கே விழுந்தால் மூக்கில் தண்ணீர் ஏறும், அவ்வளவுதான். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அது. அடுத்தது ஆற்றுவாய். ஆறு கடலில் சேருகிற இடம், அலை ஆள் உயரம் வரும், நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். இரண்டு மூன்று வருடம் பழகியவர்கள் போகலாம். மூன்றாவது, வடக்கே இருக்கும் பவளப்பாறைத் திட்டு. அதற்கு ‘அரம்’ என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது, ஆனால் அங்கே விழுந்து எழுந்தவனின் முதுகைப் பார்த்தால் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. கடல் ஏறியிருக்கும்போது பாறைக்கு மேல் ஓர் ஆள் ஆழம் தண்ணீர் நிற்கும். வற்றும்போது முழங்கால் அளவுதான். அங்கே பலகையில் நிற்கத் தெரிந்தால் மட்டும் போதாது, விழவும் தெரிய வேண்டும்.

வருகிறவர்கள் எல்லோரும் ஓர் அட்டையை நிரப்பித் தர வேண்டும். எத்தனை வருடப் பழக்கம், எங்கே கற்றது, எவ்வளவு உயர அலையில் நின்றது, இன்று எந்த இடம் வேண்டும். அதை வாங்கிப் பார்த்து யாரை எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பது நான்.

அட்டையில் உண்மை எழுதுகிறவர்கள் கிடையாது. ஐந்து வாரம் பழகியவன் ஐந்து வருடம் என்பான். தொப்பை மேசைமேல் உட்கார்ந்திருக்கும், கீழே கை ‘பத்து அடி அலை’ என்று எழுதிக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்தக் கரையில் எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. பள்ளியை ஆரம்பித்த என் மாமனார் முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

“மாப்பிள்ளை, எவன் என்ன எழுதினாலும் ஒரு படி கழிச்சிருங்க. அரம்னு கேக்குறவனுக்கு ஆத்துவாய். ஆத்துவாய்னு கேக்குறவனுக்குத் தொட்டில். தொட்டில் போதும்னு எழுதுறவன்தான் யோக்கியன், அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க.”

கழித்ததை முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. “இன்னைக்கு அரத்துல அலை சரியில்ல சார், உங்களுக்குப் போரடிக்கும், ஆத்துவாய்க்குப் போங்க” என்று சொல்ல வேண்டும். அவன் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொள்வான். அவன் சொன்ன பொய்க்கு நான் ஒரு பொய்யைப் போர்த்தி, கைத்தாங்கலாக அனுப்பிவைப்பேன். சாயங்காலம் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, “உங்க ஆத்துவாய் எனக்கு ஜுஜுபி மாஸ்டர்” என்பான். நான் சிரிக்க வேண்டும். காலுறையைக்கூடக் கழுவிவிடலாம், அந்தச் சிரிப்பு நாள் முழுக்க வாயில் கசந்துகொண்டே இருக்கும்.

பொய்யைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

போன வருடம் மூன்று முறை நான் கழிக்காமல் விட்டேன். இது உங்களுக்குத் தெரியாது, நானாகத்தான் சொல்கிறேன். எழுதியதை எழுதியபடி நம்பி அரத்துக்கு அனுப்பினேன். ஒருவருக்கு முதுகுத்தோல் போனது. ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. மூன்றாமவர், கண்ணாடிக் கடைக்காரர், முகத்தில் பதினாறு தையல். அதிலிருந்து பாடம் கற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு மாதம் கழித்துத் தழும்போடு திரும்பி வந்தார். புதிதாக வந்தவர்களைச் சுற்றி நிற்க வைத்து, அரத்தில் தான் ஒற்றை ஆளாகப் போராடியதை அரை மணி நேரம் அளந்தார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தையல் போட்டாலும் திருந்தாத ஜென்மங்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

இப்போது பல் டாக்டர்.

அவர் மனைவியோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். புதுப் பலகை, புது உடை, கன்னத்தில் வெயில் களிம்பு சுவர் மாதிரி அப்பியிருந்தது. தேங்காய் வாசனையும் வியர்வையும் சேர்ந்து அடித்தது. அட்டையில் எட்டு வருடம் என்று எழுதி, கடைசிக் கேள்விக்கு ‘அரம்’ என்று எழுதி, அதன் கீழே கோடும் போட்டார். எழுதி முடித்த கையோடு வெளியே போய்ப் பலகைக்கு மெழுகு தேய்த்தார். பலகையின் மேல்பக்கம் கால் வழுக்காமல் இருக்கத்தான் மெழுகு தேய்ப்பது. அவர் அடிப்பக்கம் தேய்த்தார், ரொம்ப அக்கறையாக, நாக்கைத் துருத்திக்கொண்டு. எட்டு வருடம்.

அவர் அந்தப் பக்கம் போனதும் மனைவி மேசைக்கு வந்தார். வாய்க்குள்ளேயே பேசினார்.

“அண்ணா, ஒரு நிமிஷம். அவர் எழுதுனத நம்பாதீங்க. மொத்தமே ஒன்பது நாள்தான் கத்துக்கிட்டார். நல்ல மனுஷன், ஆனா இந்த ஒரு விஷயத்துல மட்டும் கொஞ்சம் சின்னப் பிள்ளை. பார்த்து சின்ன இடமா அனுப்புங்க. நான் சொன்னேன்னு தெரிய வேணாம், முகம் வாடிப்போயிரும்.”

“சரிம்மா, நான் பார்த்துக்கிறேன்” என்றேன். எல்லா மனைவிமார்களும் இப்படி வருவார்கள், எல்லோருக்கும் இதே பதில்தான். அவர் சொன்னதை நான் கேட்கவில்லை என்று உங்களிடம் சாதிக்கப் போவதில்லை. நன்றாகவே கேட்டது.

அதுவரைக்கும் அவரைத் தொட்டிலுக்கு அனுப்புவதாகத்தான் இருந்தேன். ஒரு படி என்ன, இரண்டு படி கழித்திருப்பேன். அப்போது டாக்டர் உள்ளே வந்தார். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள், படகு ஓட்டுகிற என் மைத்துனனும் இருந்தான். நான் எப்போதும்போல், “இன்னைக்கு அரத்துல அலை சரியில்ல சார்” என்று ஆரம்பித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. கீழ்க் கடைவாய்ப் பல்லு ஒண்ணு அழுகியிருக்கு. வாடையே சொல்லுது. வலிக்கலையா?”

சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்த மாதிரி எனக்குப் பட்டது. “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்றேன்.

“சும்மா விடாதீங்க. என் பெட்டியில மாத்திரை இருக்கு, சாயங்காலம் தர்றேன். சரி, அரத்துல நீங்க இறங்குறது உண்டா?”

“தினமும்.”

“அப்ப அலை சரியில்லன்னா என்ன, ரெண்டு பேருமா சேர்ந்தே போலாமே. நீங்க பக்கத்துல இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும்” என்று சொல்லி என் தோளில் கை போட்டார். களிம்பு என் சட்டையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு படகுக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். ஏற்கெனவே சுருட்டிய கயிறு.

இந்த இடத்தில்தான் உங்கள் உதவி அதிகாரி திரும்பத் திரும்ப மூக்கை நுழைக்கிறார். சேர்ந்து போகக் கூப்பிட்டதும் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்கிறார். அருவருப்புத் தோன்றியது, வேறென்ன தோன்றும். எட்டு வருடம் என்று கூசாமல் எழுதியவன், அடிப்பக்கம் மெழுகு தேய்த்தவன், என் தோளில் கை போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே ஜாதி என்பது மாதிரி நிற்கிறான். பொய்யனின் கை என் மேல் கிடந்தது. போதும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

“சரி சார், போலாம். நீங்க படகுல முன்னாடி போங்க. நான் பலகையை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வர்றேன்” என்றேன்.

மைத்துனன் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். “அத்தான், என்ன விளையாட்டு இது? தண்ணி வத்திக்கிட்டு இருக்கு. அந்த ஆளு கால் கயித்தையே தப்பான கால்ல கட்டியிருக்காரு.”

“எட்டு வருஷம்னு எழுதியிருக்காரு.”

“எவன்தான் எழுதல?”

“நான் கூட இருக்கேன்ல. கொண்டுபோய் விட்டுட்டு வா.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். அரத்தில் ஆள் இருந்தால் படகு பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது எங்கள் விதி. டாக்டரை இறக்கியதும் ஆற்றுவாய்க்குப் போய் அங்கிருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். நான்தான் கூட இருக்கப் போகிறேனே, அங்கே படகுக்கு என்ன வேலை? அவன் போய்ப் படகைக் கிளப்பினான்.

அரத்துக்கு எதிரே கரையில் ஒரு பெரிய பாறை உண்டு. அதில் ஏறி நின்றுதான் நான் கண்காணிப்பது. கழுத்தில் விசில் இருக்கும். இரண்டு முறை ஊதினால் படகு வரும், ஆற்றுவாயிலிருந்து வர ஏழு நிமிடம். பாறையிலிருந்து திட்டுக்கு நீந்திப் போனால், தெரிந்தவனுக்கு மூன்று நிமிடம்.

டாக்டர் முதல் அலையை விட்டுவிட்டார். திரும்பிக் கரையைப் பார்த்துக் கையை ஆட்டினார். வரச் சொல்கிறார். நானும் ஆட்டினேன். இரண்டாவது அலையையும் விட்டார், மறுபடி பார்த்தார். நான் வந்து சேரும்வரை காத்திருப்பது என்று நினைத்திருப்பார் போல. அவ்வளவு நம்பிக்கை. மூன்றாவது அலை அவரைக் கேட்கவில்லை, தூக்கிக்கொண்டு போய்ப் பவளப்பாறைமேல் போட்டது. பலகையையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கால் கயிறு ஏதோ ஒரு பவளக் கொம்பில் சிக்கிக்கொண்டது. பழகியவன் குனிந்து கணுக்காலில் இருக்கிற பட்டையை ஒரே இழுப்பில் கழற்றிவிடுவான். எட்டு வருடம் பழகியவன் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவான். இவர் பலகையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அலைக்கும் உள்ளே போவார், அலை போனதும் முகம் மட்டும் மேலே வரும். வந்தபோதெல்லாம் “மாஸ்டர்” என்று கூப்பிட்டார். மனைவி பெயரைச் சொல்லவில்லை, கடவுளைக்கூடக் கூப்பிடவில்லை.

நான் பாறையிலிருந்து இறங்கித் தண்ணீரில் இடுப்பளவு வரை போனேன். அங்கே நின்று பார்த்தேன். தண்ணீர் வற்றிய திட்டில் அலை அறைகிற சத்தம் கரையில் கேட்பதுபோல இருப்பதில்லை, வயிற்றுக்குள் கேட்கும். இடுப்பளவு போனது அருகிலிருந்து பார்ப்பதற்காகத்தான். என் சட்டை எதுவரை நனைந்திருந்தது, ஏன் அதற்கு மேல் நனையவில்லை என்பதைப் பற்றியெல்லாம் உங்கள் ஆட்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். வீண் வேலை.

விசிலை ஏன் ஊதவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊதினால் மைத்துனன் வருவான். வந்ததும் என்னைப் பார்த்து முதலில் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். அது தேவையில்லாத பேச்சு.

இதற்குள் அந்த அம்மாள் மணலில் ஓடிவந்தார். செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். “அண்ணா, அவர் கூப்பிடுறார். போங்கண்ணா. ஏன் நிக்கிறீங்க? போங்க” என்று என் முதுகில் இரண்டு கையாலும் தள்ளினார். நான் அசையவில்லை என்றதும் என்னைத் தாண்டிப் போனார். நீச்சல் தெரியாதவர். சேலையோடு கழுத்தளவு போய்விட்டார். அலை அவரைச் சுருட்டி என் காலடியில் கொண்டுவந்து போட்டது, முழங்கால் இரண்டும் கிழிந்து ரத்தம். எழுந்து மறுபடி போகப் பார்த்தார். நான் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன். ஓர் உயிரை நான் காப்பாற்றினேன் என்பதையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் என்னை அடிக்கவில்லை. என் கழுத்திலிருந்து விசிலைப் பிய்த்து எடுத்து ஊதினார். மூச்சு இல்லாமல், எச்சிலும் உப்புமாக, ஊதிக்கொண்டே இருந்தார். ஏழு நிமிடத்தில் படகு வந்தது. அதற்கு வெகு நேரம் முன்பே “மாஸ்டர்” என்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. மைத்துனன் வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு குதித்தான், கயிற்றை அறுத்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் நெஞ்செல்லாம் கிழிந்திருந்தது. டாக்டரின் கன்னத்துக் களிம்பு அப்போதும் கரையாமல் இருந்தது. அதைப் பார்த்து நான் மணலில் வாந்தி எடுத்தேன். குற்ற உணர்ச்சி என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். இல்லை. அந்தத் தேங்காய் வாசனைதான்.

இவ்வளவுதான் நடந்தது. இதோடு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருந்தேன். நேற்று மைத்துனனின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அதனால் இன்னும் அரைப் பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

“எங்க அத்தானுக்கு அந்தத் தண்ணின்னா பயம். பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட அரத்துல இறங்குனதில்ல. சம்பந்தம் பேசுறப்ப எங்கப்பாகிட்ட இறங்குவேன்னு சொல்லிட்டாரு. அப்பாவுக்கு அப்பவே தெரியும், அதான் கரையில மேசை வேலை குடுத்தாரு. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அக்கா மனசு நோகும்னு யாரும் வாயத் திறக்கல. அவரு வேணும்னு நின்னிருக்க மாட்டாரு சார், அவரால முடியல. அவ்ளோதான்” என்று சொல்லியிருக்கிறான். அழுதுகொண்டே சொன்னான் என்றும் சொன்னீர்கள்.

என்னைக் காப்பாற்றுவதாக அவனுக்கு நினைப்பு. நான் அரத்தில் இறங்காததற்குக் காரணங்கள் உண்டு. கல்யாணமான வருடம் தோள்பட்டை வலி. அடுத்த இரண்டு வருடம் காதில் சீழ். அதற்கப்புறம் கரையில் பொறுப்பான ஆள் வேண்டும் என்று மாமனாரே கேட்டுக்கொண்டார். அதற்கு முன்னால், யாரும் பார்க்காத நேரங்களில், எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். இதையெல்லாம் வீட்டில் யாரிடமும் தம்பட்டம் அடித்ததில்லை, எனக்குப் பீற்றிக்கொள்வது பிடிக்காது. என் மனைவியும் நேற்றுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “எனக்கு எப்பவோ தெரியுங்க, பரவாயில்ல, அவங்க சொல்ற மாதிரி எழுதிக் குடுங்க, வீட்டுக்கு வந்துருங்க” என்றாள். என்ன தெரியும் அவளுக்கு? என் கையைப் பிடிக்க வந்தாள். எனக்கு அருவருப்பாக இருந்தது, கையை இழுத்துக்கொண்டேன்.

நீங்களும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ‘காப்பாற்ற நினைத்தேன், பயத்தில் என்னால் முடியவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் வழக்கு கவனக்குறைவாக மாறும், ஒன்றிரண்டு வருடத்தில் வெளியே வரலாம், இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க உள்ளேதான் என்றீர்கள். யோசிக்க ஒரு நாள் கொடுத்தீர்கள். எனக்கு அந்த ஒரு நாள் தேவைப்படவில்லை.

அந்த வரியை நான் எழுத மாட்டேன், அய்யா. நான் பொய் எழுதிப் பழகியவன் இல்லை. கீழே இருப்பதை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள், ஒரு சொல்லும் கழிக்க வேண்டாம். பல் டாக்டரைச் சாகட்டும் என்றுதான் அனுப்பினேன். அவர் என்னைக் கூப்பிடக் கூப்பிட, வேண்டுமென்றே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போக வேண்டும் என்று நினைத்திருந்தால் மூன்றே நிமிடத்தில் போய்த் தூக்கி வந்திருப்பேன். அரம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.